சந்தையும் நம்மவர் கடமையும்

(நம் சங்கத்தின் திண்டுக்கல் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குலப் பெருமை குறித்துப் பேசுவோமென்று சிலர் எதிர்பார்த்து வந்திருக்கக்கூடும். அதனை எடுத்துரைக்க வல்லவர் நம்மிடையே பலர் உளர். யாமோ வாழ்நாளின் பெரும் பகுதியை வெங்காய மூட்டைகளுக்கும் தராசுக்கும் நடுவே கழித்தோம். ஆதலின் எமக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றியே பேசத் துணிந்தோம். அது நமக்குச் சோறளித்த காய்கறிச் சந்தை.

சந்தை என்றவுடன் முகஞ்சுளிப்போர் உண்டு. இரைச்சலும் சேறும் அழுகல் நாற்றமும் நிறைந்த இடமென்றும், கல்லூரியிற் கற்ற பிள்ளைகள் காலெடுத்து வைக்கத் தகாத இடமென்றும் எண்ணுவோர் இன்று நம் வீடுகளிலேயே பெருகிவிட்டனர். அவ்வெண்ணம் பிழையென்று காட்டுதலும், அப்பிழை தோன்றுதற்கு நாமும் ஒருவாற்றாற் காரணராயினோம் என்பதை மறையாது கூறுதலுமே இவ்வுரையின் நோக்கமாகும்.

சந்தை நேற்றுத் தோன்றியதன்று. பழைய மதுரையிலே பகற்கடைகளாகிய நாளங்காடியும் இராக்கடைகளாகிய அல்லங்காடியும் இருந்தன என்பதை மதுரைக்காஞ்சி கற்றோர் அறிவர். காவிரிப்பூம்பட்டினத்தில் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடைப்பட்ட சோலை வெளியில் நாளங்காடி கூடியதைச் சிலப்பதிகாரம் தெரிவிக்கின்றது. மாளிகை எழுந்த பின்னரே வணிகம் நடந்ததென்று எவரும் கருதவேண்டா. மேலே வானமும் கீழே மண்ணும் நடுவே ஒரு மரநிழலும் இருந்தால் நம் முன்னோர்க்குச் சந்தை கூடிவிட்டது. கொண்டுவந்தவன் வாங்குபவனை நம்பவேண்டும். வாங்குபவன் கொண்டுவந்தவனை நம்பவேண்டும். இவ்வளவே அதற்கு வேண்டிய முதல்.

இனி நம் ஊருக்கு வருவோம். கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலைத்தொடர், இவற்றினிடையே விரிந்து கிடக்கும் சமவெளி நம்முடையது. இவ்வெளியின் வழியைக் காக்கும்பொருட்டே, மதுரை நாயக்க மன்னராகிய முத்துக்கிருஷ்ணப்பர் 1605-இல் நம் பாறைமீது கோட்டையைக் கட்டத் தொடங்கினார் என்பது வரலாறு. கோட்டைக்கு வேண்டிய வழியே வணிகத்துக்கும் வேண்டிய வழியாயிற்று. 1875-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் சென்ற இருப்புப்பாதை நம் ஊரின் வழியாகப் போயிற்று. 1928-இல் திண்டுக்கல்லிலிருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சிக்கு ஒரு பாதை திறக்கப்பெற்றது. 1932-இல் பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கும் பாதை இணைந்தது. அவ்வாண்டு முதற்கொண்டு நம் சமவெளிக்கும் மலையாள நாட்டுக்கும் இடையே ஒரு நேர்வழி உண்டாயிற்று. அவ்வழியின் பயனைப் பின்னர்க் கூறுவோம்.

இம்மாவட்டத்திலே ஒரு பொருளுக்கு ஒரு சந்தையென்று சொல்லும்படி பல சந்தைகள் அமைந்துள்ளன. திண்டுக்கல்லில் சின்ன வெங்காயத்துக்கென்றே ஒரு பேட்டை உண்டு. பூவுக்குத் திண்டுக்கல்லும் நிலக்கோட்டையும் உண்டு. ஆட்டுக்கு அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தை உண்டு. நத்தம் பக்கத்து மாங்காயும் புளியும் ஊரறிந்தவை. சிறுமலையிலிருந்து வாழையும் பலாவும் எலுமிச்சையும் திண்டுக்கல்லுக்கு இறங்கிவருகின்றன. மலைத்தோட்டங்களிலிருந்து சாலைவரைக்கும் குதிரைகளே அவற்றைச் சுமந்து வருவதும், தைப்பொங்கலில் மாட்டுக்குச் செய்யும் சிறப்பை அம்மலையார் குதிரைக்குச் செய்வதும் காணத்தக்க காட்சிகளாம்.

சிறுமலை வாழையைச் சொல்லும்போது ஒன்றை நினைவூட்டுதல் வேண்டும். சிறுமலை வாழைக்கும் விருப்பாச்சி மலைவாழைக்கும் 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனிப் பஞ்சாமிர்தம் 2019-இல் அதே சிறப்பைப் பெற்றது. பஞ்சாமிர்தத்துக்கு உயிர் மலைவாழையன்றோ! ஆயினும், 1970-களில் முடிக்கொத்து நோய் பரவி, இம்மலைகளின் வாழைத்தோட்டங்களிற் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டது. அசுவினிப் பூச்சியால் பரவும் நச்சுயிரி நோய் அது. இலைகள் குறுகி, உச்சியிலே கொத்தாகக் கூடி, குலை தள்ளாமலே மரம் நின்றுவிடும். தோட்டம் அழிந்தபோது தோட்டக்காரன் மட்டுமா அழிந்தான்? வாழைக்குலையை நம்பியிருந்த கடைகளும் உடன் மூடின. உழவன் வேறு, வணிகன் வேறு என்று நாம் வாயாற் பிரித்துப் பேசுகின்றோம். வேரில் விழுந்த வெட்டு கிளையிலே தெரிய எத்தனை நாளாகும்?

நிற்க. இச்சந்தைகளுக்கெல்லாம் தலைமை வாய்ந்தது ஒட்டன்சத்திரம் காந்தி காய்கறிச் சந்தை. திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகும் வழியில், ஏறத்தாழ நடுவழியில், தன் பெயரிலேயே ஒரு சத்திரத்தைத் தாங்கி நிற்கும் ஊர் அது. வழிப்போக்கர் தங்கிச் சென்ற இடம் இன்று தமிழ்நாட்டின் மிகப்பெரிய காய்கறிச் சந்தைகளுள் ஒன்றாய் விளங்குகின்றது. சென்னைக் கோயம்பேட்டுக்கு அடுத்தபடியாக இதனைச் சொல்வோரும் உளர். சுற்றுப்புறக் கிணற்றுப் பாசனத் தோட்டங்களிலிருந்தும், பரப்பலாற்று அணையின் கீழுள்ள நிலங்களிலிருந்தும், பழனி மலையின் கீழ்ச்சரிவுகளிலிருந்தும் முருங்கை, தக்காளி, கத்தரி, வெண்டை, பீர்க்கு, புடல், அவரை, மிளகாய், சௌசௌ, சின்ன வெங்காயம் ஆகிய யாவும் அங்கே வந்து குவிகின்றன.

குவிவன அங்கே தங்குவனவல்ல. பெரும்பகுதி கேரளத்துக்குப் போவதே. அந்நாட்டிலே மழையுண்டு, மண்ணுண்டு. எனினும் நிலத்தின் பெரும்பரப்பை ரப்பரும் தென்னையும் மிளகும் ஏலமும் தேயிலையும் கொண்டுவிட்டமையால், அன்றாடக் கறிக்கு அவர்கள் நம் பக்கமே நோக்கவேண்டியவராயினர். பகற்பொழுதில் வந்திறங்கிய மூட்டைகளும் பெட்டிகளும் தரம் பிரிக்கப்பட்டு, ஏலம் விடப்பட்டு, பொழுது சாயும்போது லாரிகளில் ஏறுகின்றன. அவை இரவோடிரவாக மலைத்தொடரின் கணவாய்களைக் கடந்து விடியுமுன் மலையாளத்து ஊர்களில் இறங்குகின்றன. 1932-இல் இருப்புப்பாதை இணைத்த திசையிலேதான் இன்று லாரிகள் ஓடுகின்றன. ஓணம் நெருங்கினால் நம் சந்தையில் விலை ஏறுகின்றது. ஓணம் கழிந்தால் இறங்குகின்றது. கார்த்திகையில் சபரிமலைக்கு மாலையிடுவோர் பெருகினால் காய்கறிக்குக் கிராக்கி கூடுகின்றது. அங்கே ஒரு வீட்டில் இலை போட்டால் இங்கே ஒரு தோட்டத்தில் களை வெட்டுகின்றனர் என்று சொல்லுதல் மிகையாகாது.

இவ்வளவு பெரிய வியாபாரம் எவ்வாறு நடைபெறுகின்றது? சந்தையறியாத இளைஞர்பொருட்டு இதனைச் சற்று விளக்குவோம். உழவர் தம் சரக்கைக் கமிஷன் மண்டியில் இறக்குகின்றார். மண்டிக்காரர் அதனை விலைக்கு வாங்குவதில்லை, விற்றுக் கொடுக்கின்றார். ஏலத்தில் கேட்ட விலைக்குச் சரக்குப் போகின்றது. அவ்விலையிலிருந்து தரகு, இறக்குக் கூலி முதலியவற்றைக் கழித்து, மிச்சத்தை உழவரிடம் கொடுக்கின்றார். வாங்கிய வியாபாரியோ பெரும்பாலும் கடனுக்கே எடுத்துச் செல்கின்றார். பணம் சில நாள் கழித்தே வருகின்றது. இடையிலுள்ள நாட்களில் தம் முதலைப் போட்டு நடத்துபவர் மண்டிக்காரர். விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுப்பவரும் அவரே. ஆகவே அவர் தரகர் மட்டுமல்லர், இருபுறத்துக்கும் பிணையாளி. அவர் பெறும் தரகு இந்தப் பிணைக்குரிய கூலியென்பதே யாம் கண்ட உண்மை.

ஆனால் இதிலே ஓர் இக்கட்டு உண்டு. புடைவையோ பாத்திரமோ விற்க வந்தவன் விலை கட்டாவிட்டால் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகலாம். தக்காளி கொண்டுவந்தவன் என் செய்வான்? ஒட்டன்சத்திரத்தில் தக்காளி வழக்கமாக 14 கிலோ கொண்ட பெட்டியாக விற்கப்படுகின்றது. பழைய கணக்கிலே அது பத்து வீசைக்கு நேர். அப்பெட்டியை அவன் மறுநாள்வரை வைத்திருந்தால் பாதி விலை. அதற்கும் மறுநாள் குப்பை. ஆதலால் விலை சொல்லும் நாழிகையிலே அவனுக்கு மறுக்கும் வலிமை இல்லை. 2023-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் நாடெங்கும் தக்காளி கிலோ 100 ரூபாயைக் கடந்தது. அதைக் கண்டு எல்லோரும் தக்காளி நட்டனர். அவ்வருஷமே செப்டம்பரில் பல சந்தைகளில் அது 10 ரூபாய்க்கும் கீழே போயிற்று. பறிகூலியும் வண்டிச் சத்தமும் கட்டாதபோது சாலையோரத்தில் கொட்டிவிட்டுப் போன உழவரை நாம் கண்டிருக்கின்றோம். மறுக்கும் வலிமையில்லாத ஒருவரிடம் நாம் எப்படி நடந்துகொள்கின்றோம் என்பதைக் கொண்டே நம்மை அளத்தல் வேண்டும்.

இவ்விடத்தில் எம் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுதல் முறையாகும். பிறர் குற்றத்தை எடுத்துரைப்பது எளிது; எம் குற்றத்தையே சொல்லுகின்றோம்.

1960-களின் நடுப்பகுதி. வீசைக் கணக்குப் போய் கிலோக் கணக்கு வந்து சில வருஷமே ஆகியிருந்தது. எம் தந்தையார்க்குத் திண்டுக்கல்லில் ஒரு சிறு வெங்காயக் கடை இருந்தது. பள்ளி விடுமுறையில் எம்மைத் தராசருகே நிறுத்தினார். அக்காலத்தில் மூட்டைக்கு ஒரு கிலோ ‘கழிவு’ என்று தள்ளுவதும், ‘மாதிரி’ என்று சொல்லி ஒரு கை அள்ளிவைப்பதும் பல கடைகளில் நடந்த வழக்கம். எம் தந்தையார் கழிவு தள்ளுவார், மாதிரி எடுக்கமாட்டார். யாம் சிறுபிள்ளைச் சாமர்த்தியம் காட்ட எண்ணி, கழிவை இரண்டு கிலோவாக்கினோம், மாதிரியும் எடுத்தோம். வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து வழக்கமாக வரும் பெரியவர் ஒருவர் பதினொரு மூட்டை கொண்டுவந்திருந்தார். யாம் எடைபோட்டதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பணத்தை வாங்கி மடியிற் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் அவருடைய மாட்டுவண்டி எம் கடையைத் தாண்டிப் போய் நான்காவது கடையின் முன்னே நின்றது. தந்தையார் எழுந்து சென்று, “என்ன அண்ணே, நம்ம கடை மறந்துபோச்சா?” என்று கேட்டார். அதற்கு அவர், “மறக்கலீங்க தம்பி. இங்கே மாட்டுக்கு நிழல் நல்லா இருக்கு, அதான்” என்றார். எம் கடைமுன் நின்றது பெரிய வேப்பமரம். அந்தக் கடைமுன் ஒரு செடிகூட இல்லை.

தந்தையார் திரும்பிவந்து கணக்குப் புத்தகத்தை எடுத்தார். போன வாரத்துப் பக்கத்தைப் பார்த்தார். எம்மைப் பார்த்தார். அடிக்கவில்லை, ஏசவுமில்லை. கணக்கப்பிள்ளையை அழைத்து, பதினொரு மூட்டைக்கும் மிகையாகத் தள்ளிய எடைக்கு விலை போடச் சொன்னார். அப்பணத்தை எம் கையிலே கொடுத்து, மறுநாட் காலையில் எம்மையும் அழைத்துக்கொண்டு அப்பெரியவரின் ஊருக்குப் பஸ் ஏறினார். அவர் தோட்டத்துக் கிணற்றடியிலே இருந்தார். யாம் பணத்தை நீட்டினோம். அவர் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். மோர் கொடுத்தார். நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினார். ஆனால் அதன்பின் அவர் எம் கடைக்கு ஒருநாளும் வரவேயில்லை.

அன்பர்களே, இக்கதைக்கு நல்ல முடிவு இருக்குமென்று எதிர்பார்த்தீர்களாயின் எம்மை மன்னித்தருளுங்கள். பணத்தைத் திருப்பலாம், அந்த வண்டியைத் திருப்ப முடியவில்லை. தந்தையார் அதன்பிறகு கழிவு தள்ளுவதையே நிறுத்திவிட்டார். அதனாற் கடை பெருகிற்றென்றும் சொல்லமாட்டோம். கடைசிவரை சிறு கடையாகவே இருந்தது. ஆனால் அவர் காலமானபோது வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த வண்டிகளை எம் தாயார் எண்ணிக்கொண்டிருந்தார். அது மட்டும் எம் நினைவில் நிற்கின்றது.

இனி மகமை என்னும் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது பேசவேண்டும். இன்றைய பிள்ளைகளுக்கு இச்சொல்லே தெரியாது. மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று வணிகர் தமக்குள்ளே வகுத்துக்கொண்டு, விற்ற சரக்கிலிருந்து ஒரு சிறு பங்கைப் பொதுக்காரியத்துக்கு எடுத்துவைப்பதே மகமை. அரசன் விதித்த வரியன்று. தாமே தமக்கு விதித்துக்கொண்டது. தமிழ்நாட்டு வணிகக் குடியினர் பலரிடத்தும் இவ்வழக்கம் இருந்தது. இராமநாதபுரம் சீமையிலே நாடார் குலத்து வணிகர், தம் மாட்டுவண்டிகள் கள்வர் பயமின்றித் தங்குதற்குப் பேட்டைகள் அமைத்தபோது, மகமையாலேயே அவற்றை நடத்தினர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விருதுநகர் உறவின்முறையார் க்ஷத்திரிய வித்தியாசாலையை நிறுவியதும் அப்பொருளைக்கொண்டே. காமராசர் இளமையிற் கற்ற பள்ளி அது. பின்னாளில் அவர் முதலமைச்சராகிப் பள்ளிப்பிள்ளைகளுக்கு மதிய உணவு அளித்ததை நாடறியும். சந்தையிலே ஒரு மூட்டையிலிருந்து எடுத்த சிறு காசு எவ்வளவு தூரம் நடந்து செல்லும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

மகமையின் மேன்மை காசின் அளவிலே இல்லை. எடுப்பதும் வெளிப்படை, கொடுப்பதும் வெளிப்படை என்னும் அதன் முறையிலே உள்ளது. உழவன் தன் மூட்டையிலிருந்து ஒரு பங்கு போவதைக் கண்டான். அப்பங்கு ஒரு கிணறாக, ஒரு சத்திரமாக, ஒரு பள்ளியாக நிற்பதையும் கண்டான். ஆதலின் பொறுத்தான். காலம் மாற மாற, நாம் எடுப்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம், கொடுப்பதை மறந்தோம். கழிவும் மாதிரியும் அவ்வாறு மறந்த மகமையின் பிணங்களேயாம். கடுஞ்சொல் என்று எவரேனும் எண்ணினால், எம் கையே முதலில் அதனைச் செய்தது என்பதை நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

இதன் விளைவு யாது? 1999-ஆம் வருஷம் நவம்பர் 14-ஆம் நாள் மதுரை அண்ணாநகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பெற்றது. இடைத்தரகர் இன்றி உழவரே நேராக விற்பதற்கென்று அரசு அமைத்த சந்தை அது. பின்னர்த் தமிழ்நாடெங்கும் பரவிற்று. நம்மவர் சிலர் அதனைத் தம் பிழைப்புக்கு இடையூறாகக் கருதினர். யாம் அவ்வாறு கருதவில்லை. உழவருக்கும் நுகர்வோருக்கும் நலம் செய்வதை நாம் பகைத்தல் ஆகாது. ஆனால் இடைத்தரகர் என்னும் சொல் எப்போது ஒரு வசையாயிற்று என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பிணையாளி என்று பெயர்பெற்றிருக்க வேண்டியவர் தரகர் என்று பெயர்பெற்றது எதனால்?

உலகத்தின் பெருநகரங்களிலும் சந்தைகள் நிலையாக ஓரிடத்தில் இருந்தனவல்ல. பாரிஸ் மாநகரின் நடுவே பல நூற்றாண்டுகள் விளங்கிய லே ஆல் என்னும் பெருஞ்சந்தை 1969-இல் நகரத்துக்கு வெளியே ருங்கிஸ் என்னுமிடத்துக்கு மாற்றப்பட்டது. லண்டனில் கோவென்ட் கார்டன் காய்கனிச் சந்தை 1974-இல் தேம்ஸ் நதியின் மறுகரைக்குப் போயிற்று. நம் சென்னையிலே கொத்தவால் சாவடி 1996-இல் கோயம்பேட்டுக்கு இடம்பெயர்ந்தது. 2020-ஆம் வருஷம் மே மாதத்தில் கொரோனா நோய் பரவியபோது அக்கோயம்பேடே மூடப்பட்டு, சந்தை சில மாதம் திருமழிசைக்குப் போக நேர்ந்தது. தெரு குறுகினால் சந்தை நகரும். நோய் வந்தால் நகரும். அது இயல்பு. நகரும்போது எதைத் தூக்கிச் செல்லலாம்? தராசைத் தூக்கலாம், தகரக் கொட்டகையைத் தூக்கலாம். ஐந்து மாவட்டத்து உழவருக்கு நம் பெயரின்மேல் உள்ள எண்ணம் மட்டும் நாம் தூக்காமலே கூட வரும். அது நல்லெண்ணமாயின் வெட்டவெளியிலும் வியாபாரம் நடக்கும். தீயெண்ணமாயின் பளிங்கு மண்டபம் கட்டினும் வண்டி தாண்டிப் போகும்.

ஆதலின் சங்கத்து அன்பர்கள்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, சீட்டைப் பற்றியது. மண்டி நடத்தும் நம்மவர் ஒவ்வொருவரும், சரக்குக் கொண்டுவந்த உழவருக்கு எடை, விலை, தரகு, கூலி ஆகிய நான்கையும் தனித்தனியே எழுதிய சீட்டொன்றைக் கேளாமலே கொடுத்தல் வேண்டும். கொடுப்போர் பலர் உண்டு, அவர்களை வணங்குகின்றோம். கொடாதவர் நாளை முதற்கொண்டு தொடங்குக. எழுதப் படிக்கத் தெரியாதவரெனின் வாசித்துக் காட்டுக. மின்தராசு வந்துவிட்டது; எண் வெளிச்சத்திலே தெரிகின்றது. அவ்வெண் உழவரின் கண்ணுக்கு நேரே இருக்குமாறு திருப்பி வைப்பதற்கு ஒரு காசும் செலவில்லை.

இரண்டாவது, மகமையைப் பற்றியது. கழிவு, மாதிரி என்னும் பெயர்களை நம் கடைகளிலிருந்து அறவே நீக்குவோம். அவற்றுக்குப் பதிலாக, நம் தரகிலிருந்தே ஒரு சிறு பங்கைச் சங்கத்தில் மகமையாகச் சேர்ப்போம். அப்பொருள் நம் குலத்துக்கு மட்டும் செல்லவேண்டா. அது பிறந்த இடம் சந்தை. முதலில் சந்தைக்கே திரும்புக. மூட்டை தூக்குவோருக்குக் குடிநீரும் நிழலும் வேண்டும். வெங்காயத்தின் தாளறுத்துத் தரம் பிரிக்கும் பெண்கள் விடிவதற்குமுன் வந்து பொழுது சாய்ந்து போகின்றனர். அவர்களுக்குத் துப்புரவான கழிப்பிடம் வேண்டும். சந்தையிலே மொத்தமாக வாங்கித் தலைச்சுமையாகத் தெருவில் விற்கும் தாய்மார்கள் காலையில் கந்துவட்டிக்கு வாங்கி மாலையில் அடைக்கின்றனர். அவர்களுக்கு வட்டியில்லாத சிறு முதல் வேண்டும். இவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிச்செலவு வேண்டும். வரவும் செலவும் ஆண்டுதோறும் இம்மாத இதழிலேயே அச்சிடப்பட்டு, சந்தை வாயிலிலும் ஒட்டப்பெறுதல் வேண்டும்.

மூன்றாவது, பிள்ளைகளைப் பற்றியது. பெற்றோர்களே, உங்கள் மகனோ மகளோ மருத்துவராகட்டும், பொறியாளராகட்டும், வெளிநாடு செல்லட்டும். அதனைத் தடுக்க எம்மால் ஆகாது, தடுக்கவும் கூடாது. ஆனால் படிப்பு முடியுமுன் ஒரு பருவமேனும், ஓணத்துக்கு முந்திய ஒரு மாதமேனும், அவர்களைச் சந்தையில் நிறுத்துங்கள். பெண்பிள்ளைகளையும் நிறுத்துங்கள், கணக்கிலும் நாணயத்திலும் அவர்கள் ஆண்பிள்ளைகளுக்கு இளைத்தவரல்லர். தாம் உண்ட சோறு எவர் கையிலிருந்து வந்ததென்பதை அவர்கள் கண்ணாற் காணட்டும். ஐம்பது வயது மூத்த உழவர் ஒருவர் விலை கேட்டுத் தம்முன்னே நிற்கும்போது வயிற்றில் உண்டாகும் கூச்சத்தை அவர்கள் ஒருமுறை அறியட்டும். எந்தக் கல்லூரியிலும் கிடைக்காத பாடம் அது.

சந்தை தாழ்ந்த இடமென்று எண்ணும் இளைஞருக்கு இறுதியாக ஒரு வார்த்தை. சேறு காலைத்தான் பற்றும், கழுவினால் போய்விடும். தராசிலே ஒரு கிலோ கூட்டிவைத்த கை எமக்கு அறுபது வருஷமாகக் கழுவப்படவில்லை. இடம் தாழ்ந்ததன்று. அங்கே நாம் நிமிர்ந்து நின்றால் அவ்விடத்துக்குச் சமமான கௌரவமுள்ள மேடை வேறில்லை. அங்கே நாம் குனிந்து ஒரு கை அள்ளினால், பிறகு எந்த மேடையில் ஏறிக் குலப்பெருமை பேசினாலும் அது ஒலிக்காது.

எமக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. வேப்பமரம் நின்ற அக்கடை இன்று எம்மிடம் இல்லை, மரமும் இல்லை. ஆயினும் ஒட்டன்சத்திரம் சாலையிலே மாலை வேளையில் லாரிகள் வரிசையாக மேற்கே போவதைக் காணும்போதெல்லாம், அவற்றுள் ஒரு பெட்டியேனும் சரியான எடையோடும், உழவர் மடியிலே ஒரு சீட்டோடும் போகின்றதா என்று மனம் கேட்கின்றது. ஆம் என்று சொல்லத்தக்கவர் இக்கூட்டத்திலே பலர் இருக்கின்றீர்கள் என நம்புகின்றோம். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் எல்லோரும் ஆம் என்று சொல்லுமாறு செய்வதே நம் சங்கத்தின் முதற் கடமையாகுக.

உழவும் வணிகமும் ஒன்றையொன்று தாங்கி நெடிது வாழ்க!